எங்ககிட்டேயிருந்து போனதுதான்

ஓர் ஓவியத்தை, அது யாரைப் பார்த்து வரையப்பட்டது என்று கேட்காமல், சும்மா நின்று நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. அதற்குள் உங்களுக்கு ஓர் உயிரினத்தை அறிமுகம் செய்துவைக்கிறேன். பெயர்: ‘எங்ககிட்டேயிருந்து போனது’ ஆசாமி. ஸ்பெயின் நாட்டுச் செவில்யாவில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் திரியானாவில், எந்த மதுக்கடையில் நுழைந்தாலும் ஒருவர் அகப்படுவார்.

அவர் எதிரில் ஏதாவது ஒரு படத்தைக் காட்டிப் பாருங்கள். பிரெஞ்சுப் படமா? கறுப்பு வண்ணத்தை எப்படிப் பூசுவது என்று அவர்கள் எங்கள் வெலாஸ்கெஸைப் பார்த்துத்தான் கற்றார்கள். போரின் கொடுமையை யாரோ வரைந்திருக்கிறார்களா? எங்கள் கோயா எப்போதோ வரைந்தாயிற்று. முகம் கோணல்மாணலாக இருக்கிறதா? பிக்காசோ, மலகாவில் பிறந்தவர், பக்கத்து ஊர். அந்தப் பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து அசந்துபோனாரே என்று கேட்டால், “பார்த்தாரு, அவ்வளவுதான்” என்பார். ஐயா, நீங்கள் சாய்ந்து நிற்கிறீர்களே, அந்தச் சுவரில் பதித்த பூவேலை ஓடுகள் அரபியர் கொண்டுவந்த கலையாயிற்றே என்றால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இங்கிருந்து வெளியே போனால் தாக்கம். வெளியிலிருந்து உள்ளே வந்தால் தற்செயல். சட்டம் அவ்வளவுதான்.

கப்பலேறி அமெரிக்காக் கண்டத்துக்குப் போன நம் ஓவியங்களைப் பற்றி நெத்திலிப் பொரியல் ஆறிப்போகும்வரை பேசுவார். அதே கப்பல் திரும்பி வரும்போது எதை ஏற்றிக்கொண்டு வந்தது, யார் வயிற்றில் அடித்து ஏற்றியது என்று கேட்டுவிடாதீர்கள். இந்த வருஷம் வெயில் அதிகம் என்று சொல்லிவிடுவார்.

இந்த இனத்தில் நான் கிட்டத்தில் வைத்துப் பார்த்தவர் தோன் கசிமிரோ. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், திரியானா கலை அன்பர் வட்டத்தின் தலைவர். மத்ரித்தின் பெரிய ஓவியக்கூடத்துக்குள் அவர் போனது வாழ்க்கையில் ஒரே தடவை. தேனிலவின்போது. அதுவும் மழைக்கு ஒதுங்க.

இந்த வசந்தத்தில், நானும் சேர்ந்திருக்கும் அந்த வட்டம் ஒரு கண்காட்சி வைத்தது. தலைப்பு, ‘உலகம் எங்கள் சீடன்’. பெரிய ஓவியர்களின் படங்களை அச்சிட்டு, சட்டம் போட்டு, கூடம் முழுக்க மாட்டினோம். உலகம் சீடன் என்பதற்கு ஒரு சான்று வேண்டுமல்லவா? அங்கேதான் நியெவெஸ் உவாமான் வந்தாள்.

நியெவெஸ், ஒருகாலத்தில் நாங்கள் ஆண்ட பெரு நாட்டின் கூஸ்கோவில் பிறந்தவள். குர்ரோவின் மீன்கடைக்கு மேல்மாடியில் இருபது வருஷமாகக் குடியிருந்து ஓவியம் வரைகிறாள். எங்கள் தேவாலய ஊர்வலப் பதாகைகளுக்கு வண்ணம் புதுப்பிப்பதும் அவள் கைதான். பதாகையில் பெயர் எழுதும் வழக்கமில்லை. இந்தப் பேட்டையின் ஒரு சுவரிலாவது தன் ஓவியம் தன் பெயரோடு தொங்க வேண்டும் என்பது அவள் ஆசை. பெரிய ஆசை என்று நீங்கள் நினைக்கமாட்டீர்கள், வட்டம் நினைத்தது.

அவள் கொண்டுவந்தது, அவள் ஊரில் காலங்காலமாக வரையும் மாதிரி ஒரு தேவதூதர் படம். இறகு செருகிய தொப்பி, சரிகைக் கை, தோளில் நீளத் துப்பாக்கி. முகம் மட்டும் கூஸ்கோ சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் ஒரு பெண்ணின் முகம், பேரம் பேசினால் கடித்துவிடுவது போல. தோன் கசிமிரோ சொக்கிப்போனார். தொப்பி எங்களுடையது என்றார். சரிகை எங்களுடையது, துப்பாக்கி எங்களுடையது. கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் மறுக்கவில்லை. முகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கூடத்தின் நடுச்சுவரில் மாட்டச் சொன்னார். அங்கிருந்த ஒரே அசல் ஓவியம் அதுதான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், நியெவெஸ் ஆணியடித்து மாட்டினாள். அதன் கீழே தோன் கசிமிரோ ஓர் அட்டையை ஒட்டினார்: ‘பெயர் தெரியாத ஓவியர். ஸ்பானியத் தாக்கம்.’

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். “பேரு தெரியலைன்னு போட்டிருக்கீங்க. நான் இங்கதானே நிக்கிறேன்?”

“கோவிச்சுக்காதேம்மா. உன் பேரைப் போட்டா அது நீ வரைஞ்ச படமாயிடும். பேரு இல்லேன்னாத்தான் நம்ம தாக்கம் கண்ணுக்குத் தெரியும். அதோட, ஸ்பானியர் பேரை மட்டுந்தான் போடறதுன்னு வட்டத்துல விதி இருக்கு.”

“எதிர்ச் சுவத்துல எல் கிரேக்கோன்னு பேரு போட்டுருக்கு. அவரு கிரேக்கத்துக் கிரீட் தீவுக்காரராச்சே?”

“அவரா? இங்க வந்து, நம்ம வெயில் பட்டு, நம்மாளாவே ஆயிட்டாரு.”

படத்தைத் தூக்கிவர உதவிய குர்ரோ வாசலில் நின்றிருந்தான். “அப்போ இந்தப் பொண்ணு இருபது வருஷமா என் மாடியில குடை பிடிச்சிக்கிட்டா உக்காந்திருக்கு?”

தோன் கசிமிரோவின் காதில் அது விழவில்லை. இந்த இனத்துக்குக் காது அப்படித்தான் அமைந்திருக்கிறது.

“சாகற வரைக்கும் அவரு கிரேக்க எழுத்துலதான் கையெழுத்துப் போட்டாரு, ஐயா,” என்றாள் நியெவெஸ். “நான் உங்க எழுத்துலதான் போட்டிருக்கேன். அதைக் கூடப் படிக்க மாட்டீங்களா?”

தோன் கசிமிரோ அட்டையைப் பார்த்தார். அட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தது, நேராக்கினார். அவள் ஏணியில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். ஒரு முனையை அவளும் மறுமுனையைக் குர்ரோவுமாகப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். ஆணியும் அட்டையும் மிஞ்சின.

மாலையில் திறப்புவிழா. பேட்டைப் பெரிய மனிதர்கள் புடைசூழ வந்த தோன் கசிமிரோ நடுச்சுவரை அடைந்தார். வேறு மனிதராக இருந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இவர் வெற்றுச் சுவரைக் கையால் காட்டி, “நம்ம தாக்கம் எவ்வளவு ஆழம்னா, இங்க படமே தேவைப்படலை” என்றார். கைதட்டினார்கள். ஒருவர் அட்டையைக் குனிந்து படித்துவிட்டுத் தலையை வேறு ஆட்டினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உலகத்துக்கே முதன்முதலில் நாங்கள்தான் கொடுத்தோம் என்று நீங்கள் கடைசியாக மார்தட்டியது எந்தக் கூட்டத்தில்? அந்த ‘நாங்கள்’ கொடுத்ததில் நீங்கள் உங்கள் கையால் வரைந்த கோடு எது? உங்கள் தெருவில் இன்றைக்கு வரைந்துகொண்டிருப்பவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடியைத் துடைக்காதீர்கள், உங்களைத்தான் கேட்கிறேன்.

அந்தத் தேவதூதர் இப்போது குர்ரோவின் மீன்கடையில், மத்தி கொட்டிவைத்த பனிக்கட்டிக்கு மேலே துப்பாக்கியோடு நிற்கிறார். போய்ப் பாருங்கள். கீழே வலது மூலையில் ஒரு பெயர் இருக்கிறது. கடையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, அதை உரக்கப் படியுங்கள்.