இரண்டு கைகளும் கும்பிட்டபோது

பொன்னாடையோடு யாராவது எதிரே வந்தால் தமிழனின் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து கும்பிட்டுவிடும். மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தால் வேலை போனவன் உலகத்திலேயே அநேகமாக நான் ஒருவன்தான்.

மெயின்லேண்டில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அந்தமானுக்கு, போர்ட் பிளேருக்குத் திரும்பியபோது என்னிடம் ஒரு பட்டமும் ஒரு கீபோர்டும் இருந்தன. பட்டத்தை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டினார். கீபோர்டைப் பூட்ட முடியவில்லை (பீரோவுக்குள் நுழையவில்லை). இசையால்தான் பிழைக்கப் போகிறேன் என்று அறிவித்தேன். ஆயுள் முழுக்க அரசாங்கச் சம்பளம் வாங்கிய அப்பாவுக்கு, நான் கடல்மேல் நடந்தே சென்னை போகிறேன் என்றது போல் கேட்டிருக்க வேண்டும்.

"பாட்டுல சோறு வந்தா சரி. இந்த சீசனுக்குள்ள வரலேன்னா மாமா ஹார்டுவேர் கடையில உக்காரணும். சம்மதமாடா?"

"சம்மதம்ப்பா."

அப்பாவுக்குப் பழக்கமான செல்வமணி என்ற கான்ட்ராக்டர், ரங்கத் பக்கம் கடற்கரையில் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டியிருந்தார். "மக கல்யாண ரிசப்ஷன் அங்கதான், தம்பி வந்து வாசிக்கட்டும். நல்லா இருந்தா சீசன் முழுக்க ரிசார்ட்ல தம்பிதான்" என்றார். குடும்பத்தோடு பஸ் ஏறினோம். கீபோர்டை மடியில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"யே க்யா ஹை பாய்?" என்றார் கண்டக்டர், அது என்னவென்று கைகாட்டி.

"பாஜா ஹை." வாத்தியம் என்றேன்.

"இஸ்கா பீ டிக்கெட் லகேகா."

அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமாம். "விடுடா, குடும்பத்துல ஒருத்தரா ஏத்துக்கிட்டாங்க" என்றாள் அக்கா.

ரிசப்ஷனில், மாதக்கணக்காக உயிரைக் கொடுத்து நானே அமைத்த 'அலைகள்' என்ற இசையை வாசிக்கத் தொடங்கினேன். தலைப்பை மைக்கில் மூன்று மொழிகளில் சொன்னேன். கூட்டம் மூன்று மொழிகளிலும் பிரியாணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து மேடைக்கே வந்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தம்பி, சவுண்டக் கொஞ்சம் குறைங்க. மெயின்லேண்டுலேர்ந்து போன் வந்திருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது. கீபோர்டு செத்துப் பிழைத்தது. பதற்றத்தில் நான் எதையெதையோ அமுக்க, இரண்டு பட்டன்கள் ஒன்றாக அமுங்கிவிட்டன. அப்படி அமுக்கினால் டெமோ பாடும். கடையில் கீபோர்டை விற்பதற்காகக் கம்பெனிக்காரனே உள்ளே போட்டு வைத்திருக்கும் இசை அது. ட்ரம்ஸும் வயலினும் ட்ரம்பெட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குதிக்கும்.

மண்டபமே மேடைப் பக்கம் திரும்பியது. விசில் பறந்தது. வாய்க்குப் போன கவளங்கள் பாதியில் நின்றன. குழந்தைகள் ஆடத் தொடங்கினார்கள்.

நிறுத்தியிருக்கலாம். நான் விரல்களைக் கட்டைகளின் மேல் சும்மா ஓடவிட்டேன். தலையை ஆட்டினேன். ஓரிடத்தில் உருகிக் கண்ணை வேறு மூடினேன் (இதற்கு மன்னிப்பே கிடையாது).

கண்ணைத் திறந்தால், எதிரே செல்வமணி. கையில் பொன்னாடை.

எழுந்தேன். தோள் குனிந்தது, பொன்னாடை அதில் விழுந்தது. கைகள் இரண்டும் நெஞ்சுக்கு நேரே குவிந்தன. அதே நொடியில் ட்ரம்பெட் உச்சத்துக்குப் போனது.

"மம்மி! அங்கிள் தோ பஜா ஹீ நஹி ரஹா!" என்று கத்தியது ஒரு வங்காளிக் குழந்தை. அங்கிள் வாசிக்கவே இல்லையாம். மண்டபம் சிரித்த சிரிப்பில் ஜெனரேட்டர் சத்தம் கேட்கவில்லை.

செல்வமணி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"தானா பாடுமா இது?"

"டெமோ சார்..."

"எம்புட்டு நேரம் பாடும்?"

"நிறுத்துற வரைக்கும்."

"லீவு கேக்காதுல்ல?"

என் தோளிலிருந்து பொன்னாடையை மெதுவாக உருவி, கீபோர்டுக்குப் போர்த்தினார். "பெட்டிய மட்டும் விட்டுட்டுப் போங்க தம்பி. சீசன் முழுக்க வாடகை தந்துடறேன்."

அப்பா மேடையேறி வந்தார். பெற்ற மகனுக்கு நேர்ந்த அவமானத்தில் கொதிக்கப் போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"மாச வாடகையா, தினமா?" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாட்டுல சோறு வந்துருச்சுடா. உனக்கில்ல, அதுக்கு."

திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். "ஆஜ் பாஜா நஹி?" இன்று வாத்தியம் இல்லையா என்கிறார்.

"உஸ்கோ நௌக்ரி மில் கயா" என்றாள் அக்கா. அதற்கு வேலை கிடைத்துவிட்டது!

சீசன் முடிந்தது, அடுத்த சீசனும் வந்தது, கீபோர்டு அங்கேயேதான் இருக்கிறது. நான் மாமா கடையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் போனில் "பையன் வேலைக்குப் போறானா?" என்று கேட்டால் அம்மா யோசிக்காமல் சொல்வாள்: "கீபோர்டு போகுது. இவன் கடையில இருக்கான்."

போன மாதம் செல்வமணி அழைத்தார். "தம்பி, பெட்டிக்கு உடம்பு சரியில்ல." போனேன். உப்புக்காற்று உள்ளே புகுந்திருந்தது. பொன்னாடையை விலக்கித் துடைத்துச் சரிசெய்தேன். சரியாகிவிட்டதா என்று பார்க்கும் சாக்கில் 'அலைகள்' முழுவதையும் வாசித்தேன். முதல் தடவையாக, ஒரு குறையும் இல்லாமல். எதிரே நிஜ அலைகள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த டூரிஸ்ட் ஒருவர் கையை உயர்த்தினார். "பையா, ரிப்பேர் ஹோ கயா? அப் மியூசிக் லகாவோ." ரிப்பேர் முடிந்துவிட்டதென்றால் இனி மியூசிக் போடலாமே என்கிறார்.

இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அமுக்கினேன். எல்லா மேஜைகளிலும் கை தட்டினார்கள்.

இந்த முறை நான் கும்பிடவில்லை.