ஒரே நாளில் பதினோரு ராஜவேலு

கும்மிடிப்பூண்டி கம்பெனி கேட்,
வெள்ளிக்கிழமை காலை.

பழவேற்காட்டு ஏரி ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கும் என் மைத்துனர் மதிவாணன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கனகாம்பாளைக் கைப்பிடித்த ராஜவேலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு புதுவாயல் வீட்டில் நான், உங்கள் தங்கை, மகள் தேவதர்ஷினி மூவரும் நலம். அங்கு உங்கள் நலமும், போன மாதம் படகில் வழுக்கி விழுந்த உங்கள் முட்டியின் நலமும் அறிய ஆவல்.

விஷயம் இதுதான். ஏரியில் யார் எந்த நாள் வலை விரிப்பது என்ற பாடு முறைப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் புதுப்பிக்கிறீர்கள். அதிலிருந்து என் பெயரை எடுத்துவிடலாம். எடுத்தால் திரும்பச் சேர்க்க மாட்டார்கள் என்பது தெரியும். எழுத்தில் கேட்பார்கள் என்பதால்தான் போன் பண்ணாமல் இந்தக் கடிதம். என் செக்யூரிட்டி வேலை இனி அசையாது. எப்படி என்று சொல்கிறேன்.

போன மாதம் கேட்டில் இருந்த பெரிய நோட்டை எடுத்துவிட்டு சிலேட்டு மாதிரி ஒரு டேப் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். வருகிற ஆள், போகிற லாரி எல்லாம் இனி அதில்தான். கம்பெனியில் எல்லோரும் அவரவர் பாஸ்வேர்டு போட்டு டெய்லி லாகின் பண்ண வேண்டும் என்று ஆபீஸ் பெண் ஹேமாவதி சொன்னது. எதற்கு அந்தப் பேர் என்று கேட்டேன், அதற்கே தெரியவில்லை. என் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே, காரணம் தெரியாமல் ஒரு சுவிட்சைக்கூடப் போட மாட்டேன். தேவதர்ஷினி காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாளே என்று அவளைக் கேட்டேன். அவள் சொன்னதும் எனக்குப் புல்லரித்துவிட்டது மச்சான். லாக் என்றால் மரக்கட்டையாம். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் விடுவார்களாம். மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடுகிறதோ அதுதான் கப்பலின் வேகம். அதை எழுதிவைக்கும் புத்தகம் லாக்புக். அதில் பதிவதிலிருந்து வந்ததாம் இந்த லாகின். ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் தண்ணீர்க்காரன் வார்த்தையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கேதான் கொஞ்சம் அதிகமாக யோசித்துவிட்டேன். கப்பல் புத்தகம் என்றால் கப்பலில் இருக்கிற எல்லோருக்கும் பொது. நம் பாடு முறைப் பட்டியலையும் கோயில் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படிதானே ஒட்டுகிறோம், மறைத்து வைத்தால் வெட்டுக்குத்து ஆகிவிடாதா? அதனால் கம்பெனி எனக்குக் கொடுத்த பாஸ்வேர்டை, 'விபத்தில்லாத நாட்கள்' எழுதும் கேட் போர்டில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன். ஷிப்டுக்கு வந்தவர்களை நிறுத்திக் கட்டைக் கதையையும் சொன்னேன். பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் கேட்கவா வேண்டும், பாஸ்வேர்டை மறந்தவன் எல்லாம் என் பேரில் புகுந்துவிட்டான். கிரேன் ஓட்டிய பாக்கியராஜும் நான்தான், எளாவூர் கிடங்கில் சரக்கு இறக்கியவனும் நான்தான். கம்ப்யூட்டர் கணக்குப்படி செவ்வாய்க்கிழமை நான் பதினோரு இடத்தில் இருந்திருக்கிறேன். அதில் ஒன்று லேடீஸ் ரூம் சாவியை வாங்கியது. உங்கள் தங்கைக்கு இது தெரிய வேண்டாம்.

புதன்கிழமை மேனேஜர் துளசிராமன் கூப்பிட்டார். வேலை போய்விடும் என்று ஹேமாவதி முன்பே காதைக் கடித்துவிட்டது. தேவதர்ஷினிக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. ஒரே ஆள் ஒரு நாளில் எண்பத்தெட்டு மணி நேரம் வேலை செய்திருக்கிறாயே என்றார். நான் கப்பல், கயிறு, மணல், கோயில் சுவர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"இது கப்பல் இல்ல ராஜவேலு. பாஸ்வேர்ட உன் பொண்டாட்டியாண்டகூட சொல்லக் கூடாது. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுனா, ஊட்டுக்குப் போய்க்கினே இரு" என்றார்.

புதுப் பாஸ்வேர்டு கொடுத்து இரண்டு நாளாகிறது. ஈ காக்காய்க்குத் தெரியாது. உங்கள் தங்கை வஞ்சிரம் வறுத்துப் போட்டுவிட்டு, "என்னாண்ட சொல்லாம வேற யாராண்டய்யா சொல்லப் போற" என்று கேட்டாள். அதற்கும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து வெறும் ரசம். ஆகவே வேலை உறுதி. என் பெயரை அடித்துவிட்டு என் முறையைப் பங்காளி சரவணனுக்குக் கொடுத்துவிடுங்கள், அவனுக்குக் குடும்பம் பெரிசு.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும், உங்கள் மகள் பூமிகாவுக்கு மாமாவின் ஆசியும், உங்கள் முட்டிக்கு நல்லெண்ணெயும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ராஜவேலு

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது கேன்டீன் மெர்சி ஓடி வந்தது. பாஸ்வேர்டு மறந்துபோச்சாம், அரிசி வண்டி நிற்கிறதாம், நானூறு பேருக்கு இன்னும் உலை வைக்கவில்லையாம், கண்ணில் தண்ணீர். காதோடு காதாகத்தான் சொன்னேன் மச்சான். இப்போது ஆபீஸிலிருந்து போன். நான் ஏழு இடத்தில் இருக்கிறேனாம், மேனேஜர் கூப்பிடுகிறாராம். பட்டியலில் என் பெயர் அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிடுகிறேன்.