என் ஓலைக்கு நானே எழும்பிய கதை

நெஞ்சு சரியாக அடிக்கிறதா என்று ஒரு தடவை கவனித்துவிட்டால் போதும், அப்புறம் அது சரியாகவே அடிக்காது. என் நெஞ்சை நான் சந்தேகப்படத் தொடங்கியது, பாறசாலைப் பக்கம், எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்த காலத்தில். (அப்போது யார்தான் யாரைச் சந்தேகப்படவில்லை! தமிழ் பேசினால் போலீசுக்குச் சந்தேகம், மலையாளம் பேசினால் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சந்தேகம்.)

ஓர் ஊர்வலத்தில் போலீஸ் லத்தியோடு பாய்ந்தது. நான் ஓடிப்போய் மரச்சீனிக்கிழங்கு விளைக்குள் குப்புறக் கிடந்தேன். போலீஸ் போய்விட்டது, என் நெஞ்சின் ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. விரல் மரத்தது, தொண்டை அடைத்தது, செத்தேன் என்றே முடிவுகட்டினேன். அன்றிலிருந்து அது நினைத்த நேரத்தில் வரும். இப்போது டாக்டர்கள் இதற்குப் பேனிக் அட்டாக் என்று மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று எங்கள் ஊரில் இருந்த ஒரே பெயர் பேடி, அதாவது வெறும் பயம். அதனால் யாரிடமும் மூச்சுவிடாமல், என் நாடியை நானே பிடித்துக்கொண்டு திரிந்தேன். வைத்தியர் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லடே, நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். சாகப்போகிறவனிடம் வேறென்ன சொல்வார் என்று அவரையும் சந்தேகப்பட்டேன்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் நேசபாய், நெய்யாற்றின்கரைக்காரி. பெண் பார்க்கப் போன அன்று என் கை நடுங்குவதைப் பார்த்தும் சிரிக்காமல், காப்பித் தம்ளரை என்னிடம் நீட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனவள். அந்த ஒரு காரியத்துக்காகவே கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று கிடந்தேன், அதுவரை உயிர் இருந்தால். அவள் அப்பா அங்கே தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சர்க்கார் ஆள் ஆனதால், "அவரு எந்தப் பக்கமாக்கும்?" என்று எங்கள் ஊரில் ஒரு முணுமுணுப்பு.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை, பெண் பெயர்களைப் போதகர் வாசித்துவிட்டு, தடை சொல்ல வேண்டியவர்கள் எழுந்து சொல்லலாம் என்பார். ஒருவரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. முதல் ஓலையன்று அம்மா, "நீ போவாண்டாம்லே, எல்லாவனும் உன்னையே பாப்பான்" என்றாள். வீட்டில் தனியாகக் கிடந்து செத்துப்போனால்? போனேன். போன இடத்தில், முன்வரிசையில் நேசபாயின் அப்பா! என்னை வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று பட்டது.

போதகர் என் பெயரை வாசித்தார். விரல் மரத்தது. அவள் பெயரை வாசித்தார். தொண்டை அடைத்தது. "தடை ஏதும் உண்டானால்..." என்றார். வெளியே ஓடினால்தான் மூச்சு என்று எழுந்துவிட்டேன்.

சபை மொத்தமும் திரும்பியது. போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உம்ம கல்யாணத்துக்கு நீரே தடையா?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். (வேறு எதைக் காட்டுவது?)

"ஐயோ, இவன் நெஞ்சுக்குள்ள வேற எவளோ இருக்காளே!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா அலறினாள்.

"எவளும் இல்ல. சர்க்காரு ஆளுக்க மொவளக் கெட்டாண்டாம்ணு கட்சிக்காரனுவ சொல்லி எழும்புனதாக்கும்" என்று பின்வரிசையில் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

நேசபாயின் அப்பா ஓடிவந்து, "எந்து பற்றி மோனே?" என்று, என்ன ஆயிற்றோ எனப் பதறி என் தோளைப் பிடித்தார். "கண்டியா, மலையாளம்!" என்றது அதே பின்வரிசை.

வாசலுக்கு வெளியே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வெட்கங்கெட்டு அழவும் செய்தேன். அவர் நம்பவில்லை. "நோயா, பேடியா, மனசு மாறிப்போச்சா? எனக்கு அது தெரியாண்டாமா?" என்று குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த வாரம் நெஞ்சைக் கவனிக்கக்கூட மறந்துபோனது.

அடுத்த ஞாயிறு அவர் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். காதோடு சொன்னார்: "உமக்கக் கை நடுங்கும்ணு மொவளுக்கு அண்ணைக்கே தெரியுமாம். 'அப்பா பக்கத்துல இருந்து பிடிச்சுக்கிடுங்க, அதுக்குப் பிறவும் எழும்புனா போவட்டும்'ணு சொன்னா." சொல்லிவிட்டு என் வேட்டி முனையை இழுத்து, அதன்மேல் நன்றாக அமர்ந்துகொண்டார். நான் எழுந்தால் வேட்டி அவரிடம் இருக்கும்.

ஓலை தொடங்கியது. விரல், தொண்டை, மூச்சு, எல்லாம் வரிசையாக வந்தன. செத்தாலும் வேட்டியோடு சாவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். நான் சாகவில்லை. தானாக வந்தது தானாகவே போயிருந்தது! இதுவரை அது போகும்வரை நான் உட்கார்ந்திருந்ததே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மாமனார் மெல்ல எழுந்து, கசங்கிய வேட்டி முனையை என் மடியில் போட்டார்.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தோடு நின்றுவிட்டன. என் பேடியும் என்னோடு நின்றுவிட்டது, முன்போல ஆட்டிவைப்பதில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு போதகருக்கும் சபையார் முதலில் சொல்லிக்கொடுப்பது என் கதைதான். போன மாதம் பேத்தியின் ஓலை. "தடை உண்டானால்" என்றதும் போதகர் நிறுத்தி, என்னைப் பார்த்தார். சபையும் பார்த்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், விரல் மரத்தது. அதற்குள் நேசபாய் என் வேட்டி முனையை இழுத்துத் தன் அடியில் வைத்துக்கொண்டாள்.

"இரிங்க. இது உங்களுக்க ஓலை இல்ல."