அரை இஞ்சு அண்ணனும் எழுந்து நின்ற காரும்

மலேசியாவில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைத் தரையோடு தரையாக இறக்கத்தான் பாடுபடுவார்கள். அதை மேலே ஏற்றப் பாடுபட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, அரை இஞ்சு அண்ணன்தான்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் அவர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எதைப் பார்த்தாலும் "அரை இஞ்சு தள்ளியிருக்கு" என்பார். காலண்டர், மாதா படம், அடுத்த வீட்டு மிதியடி, எதுவும் தப்பாது. ஒருமுறை இழவு வீட்டில் சவப்பெட்டியைக் காட்டி அப்படிச் சொன்னார். இறந்தவரின் மகன் அழுகையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். உண்மைதான், தள்ளித்தான் இருந்தது. நான்கு பேர் மறுபடி தூக்கி வைத்தார்கள். அப்போதும் அண்ணன் "சரியா இருக்கு" என்று சொல்லவில்லை. "பரவால்ல" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வந்ததில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய திட்டத்தோடு அல்ல. படிவம் இரண்டு, அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குள் நான்கு பள்ளிக்கூடம். பிறகு கியா பார்மில் ஸ்ட்ராபெரிப் பெட்டி கட்டினேன், பிரிஞ்சாங் ஹோட்டலில் தட்டுக் கழுவினேன், லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் இருந்தேன். ஒரு மழைக்குச் சேறு வந்து நான் தங்கியிருந்த கொட்டகையைக் கொண்டுபோனது. அதோடு போனது ஒரு பை உடுப்பும் ஒரு ரேடியோவும். மிச்சமிருந்த என்னைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு உரம் சுமக்க வந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அண்ணன் வீட்டுக்கு அடுத்த அறை கிடைத்தது. என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "தம்பி, உன் கட்டிலு ஒரு காலு அரை இஞ்சு குட்டை." ஒரு கட்டையைச் செதுக்கி வந்து முட்டுக் கொடுத்தார். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேராகப் படுத்துத் தூங்கினேன்.

அவர் மனைவி செலின் அக்கா. இருபத்தெட்டு வருடம் சரிவில் நின்று கொழுந்து எடுத்தவர். பதிலுக்கு மலை அவருடைய இரண்டு முட்டியையும் எடுத்துக்கொண்டது. முன்பெல்லாம் மெயின் ரோடு வரை நடந்து, பஸ் பிடித்து, டவுன் மாதா கோயிலுக்குப் போவார். அங்கே பாடற்குழுவில் பாட்டை எடுத்துக்கொடுக்கும் முதல் குரல் அவருடையது. முட்டி போன பிறகு அந்த நடை முடியவில்லை. அதற்காகத்தான் அண்ணன் கார் வாங்கினார்.

வாங்கியவர் நாலு கதவு வைத்த காராக வாங்கியிருக்கலாம். பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறிக் கொட்டகைக்குப் பின்னால் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கிடந்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் வாங்கினார்.

"ஏண்ணே இத வாங்குனீங்க?"

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு தம்பி. சீட்டும் நல்ல சீட்டு. கோழிக்கே புடிச்சிருக்கு பாரு லா."

முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்தக் காரில் கோயிலுக்குப் போனார். ஏறுவதில் கஷ்டமில்லை. உட்காரப் போனார், விழுந்தார், சீட்டு பிடித்துக்கொண்டது. இறங்குவதில்தான் கதை. கோயில் வாசலில் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார், பஸ்ஸில் வந்து சேர்ந்த நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். வேறு வழியில்லாமல் அக்கா இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முட்டி போட்டபடி வெளியே வந்தார். அந்த நேரம் பார்த்து ஃபாதர் வந்தார். கார் கதவிலிருந்து பீடம் வரை முட்டியாலேயே போவதாக ஏதோ நேர்ச்சை என்று நினைத்துவிட்டார். கண் கலங்கி, அக்கா தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். நீளமான ஜெபம். முடிந்தபோது பாடற்குழுப் பெண்கள் இரண்டு பேர் வந்து அக்காவைத் தூக்கி நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னார்: "நானா ஏறி நானா எறங்க முடியுற வரைக்கும் இந்தக் காருல கால் வச்சேன்னா என் பேரு செலின் இல்ல."

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அடுப்படியில் நீல பிளாஸ்டிக் முக்காலியில் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தன் வேனில் கூட்டிப் போவதாகச் சொன்னார். "வேணாங்க" என்றுவிட்டார். அங்கே கோயிலில் யாரோ பாட்டை எடுத்துக்கொடுத்து, கூட்டம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியதாம். "சுருதி அரை இஞ்சு மேல" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு மூன்று மாதம் இருந்தது. அன்றைக்கு அக்காதான் பாட வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதலில் முக்காலியை அளந்தார். யார் கையும் பிடிக்காமல் அக்கா எழுந்திருக்கும் ஒரே உயரம் அதுதான். பதினேழு இஞ்சு. கார் சீட்டு தரையிலிருந்து பத்தரை. ஆறரை இஞ்சு வேண்டும்.

"சீட்டுக்கு அடியில பலகை வச்சிரலாமேண்ணே?" என்றேன். வைத்துப் பார்த்தோம். சபதம் போட்ட அக்காவை அதற்குள் காரில் உட்காரவைக்க முடியாது என்பதால் நான் உட்கார்ந்தேன். ஒரு இஞ்சுக்கு மேல் போனால் தலை கூரையில் இடித்தது. அக்காவுக்குக் கொண்டை வேறு இருக்கிறது. ஆக, மீதி உயரத்தைக் காரே எழுந்து நின்றுதான் கொடுக்க வேண்டும்.

பிரிஞ்சாங்கில் கார் பழுது பார்க்கும் சீனப் போர்மேன் ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, எல்லாரும் இங்க துருன், துருன்னு எறக்கத்தான் வாறான். நீ ஒருத்தன்தான் நாயிக், நாயிக்னு ஏத்த வாறே."

"அவனுங்களுக்கெல்லாம் பொண்டாட்டி முட்டி நல்லா இருக்கு தௌகே" என்றார் அண்ணன்.

காய்கறி ஏற்றும் பழைய பிக்கப்பிலிருந்து ஸ்பிரிங் எடுத்தார்கள். முதல் வாரம் முன்பக்கம் மட்டும்தான் முடிந்தது. கார் வானத்தைப் பார்த்து நின்றது. அந்திப் பனியில் அதை ஓட்டி வந்தோம். விளக்கு வெளிச்சம் ரோட்டில் விழாமல் மலைமேல் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களா ஜன்னலில் விழுந்தது. மறுநாள் துரை ஆள் அனுப்பிக் கேட்டார், யார் அங்கே டார்ச் அடித்தது என்று.

பிறகு பின்பக்கத்தையும் ஏற்றினார். பேக்டரியில் இரும்புத் துண்டு கடைந்து ஸ்பிரிங்குக்கும் பாடிக்கும் இடையில் கொடுத்தார். பெரிய டயர் போட்டார். கார் இப்போது சிவப்புக் கொக்கு மாதிரி நின்றது. டவுனில் காரை இறக்கி வைத்திருக்கும் பையன்கள் பெட்ரோல் எண்ணெய்க் கடையில் சூழ்ந்துகொண்டார்கள்.

"அங்கிள், இது கெரெத்தாவா, ஹெலிகாப்டரா?"

"உன் காரு முட்டி போட்டுக் கெடக்கு. என் காரு எந்திரிச்சு நிக்குது. போய் வேலையப் பாரு லா."

எல்லாம் சரி, ஆனால் ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கும். எவ்வளவு அமுங்கும் என்பதற்கு அக்காவின் எடை தெரிய வேண்டும். கேட்கும் தைரியம் அண்ணனுக்கு இல்லை. என்னை அனுப்பினார்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டேன்.

"இருவத்தெட்டு வருசமா என் முதுகுல இருந்த கொழுந்தத்தான் எடை போட்டானுங்க. இப்ப என்னையேவா? போய்ச் சொல்லு, முடியாதுன்னு."

"அப்ப கிராணி வேன்லயே போயிருக்கலாமேக்கா? இந்நேரம் எத்தனை ஞாயிறு ஆச்சு."

கீரையைக் கீழே வைத்தார். "நான் அடுத்தவன் வேன்ல போய் எறங்குனா இவரு மூஞ்சிய எங்க கொண்டு வைப்பாரு? டவுனே சிரிக்கும். அவருகிட்ட இதச் சொல்லிராத, என்ன?"

சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

எடை தெரியாததால் அண்ணன் முட்டைக்கோஸை நம்பினார். ஒரு சாக்கில் கோஸ்களை அடுக்கி, பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டு அளந்தார். இரண்டு கோஸ் சேர்ப்பார், ஒன்றை எடுப்பார், கண்ணை மூடி யோசிப்பார். கட்டிய மனைவியைக் கோஸ் கணக்கில் நினைத்துப் பார்ப்பது எளிதல்ல. கடைசியில் பதினேழு இஞ்சு வந்தது.

கிறிஸ்துமஸ் காலை. லயமே வாசலில் நின்றது. அக்கா பட்டுச் சேலையில் வந்தார். கதவைத் திறந்தார், திரும்பினார், உட்கார்ந்தார். விழவில்லை. அண்ணன் உடனே குனிந்து டேப்பை வைத்தார். முகம் செத்துவிட்டது.

"பதினாறரை. அரை இஞ்சு அமுங்கிருச்சு. எறங்கு செலின், ஒரு மணி நேரத்துல ஸ்பிரிங்க கழட்டி..."

"கோயிலு எத்தன மணிக்கு?"

"நாலு கோஸு கொறைச்சுப் போட்டுட்டேன்" என்றார், தன்னை மறந்து.

லயம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. அக்கா அவரைப் பார்த்தார். நாங்கள் எதிர்பார்த்த இடி விழவில்லை.

"அந்த அரை இஞ்சு நான் பாத்துக்கிறேன். நீங்க வண்டிய எடுங்க."

எனக்கு இடமில்லை. பின்னாலேயே கிராணி வேனில் போனேன். கோயில் வாசலில் அக்கா காலை வெளியே வைத்தார், கதவைப் பிடித்தார், பல்லைக் கடித்தார், எழுந்தார். தனியாக. ஃபாதர் கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தார். "இன்னிக்கு முட்டி போடல ஃபாதர்" என்றுவிட்டு உள்ளே போனார்.

அண்ணன் உள்ளே போகவில்லை. காரைச் சுற்றி வந்து நான்கு பக்கமும் அளந்துகொண்டிருந்தார். அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் எழுந்தது. கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டு சிரமமில்லாமல் பாடியது. அண்ணனின் கையிலிருந்த டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது.

"சுருதி எப்படிண்ணே?"

கொஞ்ச நேரம் கேட்டார்.

"சரியா இருக்கு தம்பி."

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை மாறிவிட்டேன். எங்கே போனாலும் கட்டில் காலுக்கு அவர் செதுக்கிக் கொடுத்த அந்தக் கட்டை என் பையில் இருக்கிறது.