சடையாண்டியின் படகும் முந்நூறு குதிரை எஞ்சினும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது என்றுதான் நானும் ஆரம்பித்திருப்பேன். என்ன செய்ய, இந்தக் காட்டுச் சிங்கம் மூன்று வருஷமாக மருத்துவ விடுப்பில் இருக்கிறது. அதனால் கரிவரதர் என்கிற யானை பொறுப்புத் தலைவராக இருந்து காட்டை நடத்திவந்தார். பொறுப்பில் இருப்பவர்களுக்கு வருகிற வியாதி அவருக்கும் வந்திருந்தது. ராஜா செய்யாத ஏதாவது ஒன்றைத் தான் செய்து காட்டிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்டு ஏரியில் சடையாண்டி என்ற நீர்நாய் ஒரு சறுக்குப் படகு வைத்திருந்தான். சுற்றுலா வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. படகுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. படகின் பின்னால் ஒரு கயிறு கட்டியிருக்கும். காலில் பலகையை மாட்டிக்கொண்டு அந்தக் கயிற்றைப் பிடித்தால், படகு இழுக்கிற வேகத்தில் தண்ணீர் மேலேயே எழுந்து நிற்கலாம். முயல் நின்றது, நரி நின்றது, முள்ளம்பன்றிகூட நின்றது. கரிவரதர் ஏழு தடவை முயன்றும் கழுத்தளவுத் தண்ணீரிலேயே இருந்தார். படகும் இருந்த இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

கரிவரதருக்குக் கோபம் வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை காலை, மொத்தக் காடும் பார்க்க, தான் தண்ணீர் மேல் நின்றாக வேண்டும் என்று சொன்னார். இல்லாவிட்டால் படகுத்துறையை மூடி, எருமைகள் புரள விட்டுவிடுவாராம். சடையாண்டியின் வளை அந்தத் துறைக்கு அடியில்தான் இருந்தது. அதில் அவன் மனைவியும், இன்னும் கண் திறக்காத நாலு குட்டிகளும் இருந்தன.

சடையாண்டி ஓடிப்போய்ப் பூவலிங்கத்தைக் கூட்டிவந்தான். பூவலிங்கம் என்பது காட்டின் ஒரே மெக்கானிக்கான குரங்கு. அவன் எஞ்சினை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, எல்லா மெக்கானிக்கும் முதலில் கேட்பதைக் கேட்டான். “இதுக்கு முன்னாடி இதை யாருண்ணே பார்த்தது?”

அப்போதும் பார்த்தது பூவலிங்கமேதான். அந்தப் பேச்சை விட்டுவிட்டு, இது தொண்ணூறு குதிரைசக்தி எஞ்சின், ஐயாவைத் தூக்க முந்நூறு குதிரையாவது வேண்டும் என்று முடிவாகச் சொன்னான்.

ஓடையம்மாள் என்ற ஆமை அப்போது தலையை நீட்டினாள். ஏரிக்கு அடியில் குடியிருப்பவள்; படகின் வயிற்றைத் தினமும் பார்க்கிறவள். “தம்பி, எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. படகு மிதக்கறதுக்காகத் தரைப்பலகைக்கு அடியில வச்சிருக்கிற ஃபோம் முப்பது வருஷமாத் தண்ணி குடிச்சு ஊறிக் கிடக்கு. அதை எடுத்து வெயில்ல போடு. படகு பாதி கனம் குறைஞ்சிடும்.”

மற்றக் கதைகளில் ஆமை சொன்னால் கேட்பார்கள். இந்தக் காட்டில் பூவலிங்கம் ஒரு கேள்வி கேட்டான்: ஃபோமைக் காயப்போட்டால் தலைவர் எதற்கு ரிப்பன் வெட்டுவது? சடையாண்டிக்கு அது நியாயமாகவே பட்டது. ஓடையம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

எஞ்சின் மாற்ற அனுமதி வேண்டுமே. நாரை கிளார்க் செங்கமலம் ஒற்றைக் காலில் நின்றபடி ஒரு படிவத்தைக் கொடுத்தாள். ஏழாவது கட்டத்தில், ‘படகு இதற்கு முன் மூழ்கியுள்ளதா? இல்லையெனில் தகுந்த காரணம் குறிப்பிடுக’ என்று இருந்தது. சடையாண்டி ரொம்ப நேரம் யோசித்து, ‘இன்னும் சந்தர்ப்பம் அமையவில்லை’ என்று எழுதினான். காரணம் போதாது என்று செங்கமலம் படிவத்தை நிறுத்தி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டதால் அனுமதி இல்லாமலே எஞ்சினை மாட்டினார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், குரங்கிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. மாட்டியதும் பின்பக்கம் அமுங்கி, படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. சரிக்கட்ட முன்பக்கத்தில் பாறாங்கல் ஏற்றினார்கள்.

அடுத்தது பூஜை. பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று, எஞ்சினுக்குக் குங்குமம் வைத்தாயிற்று. எலுமிச்சம்பழத்தில்தான் சிக்கல். வண்டியாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றி நசுக்கலாம். படகுக்குச் சக்கரத்துக்கு எங்கே போவது? பூவலிங்கம் கரையேற்றி வைத்திருந்த படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். பின்பக்கம் அடியில் ஒரு ஓட்டை இருந்தது. படகைக் கரையேற்றும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்கு வைத்தது. மற்ற நேரத்தில் அதைப் பித்தளை மூடி போட்டுத் திருகி வைப்பார்கள். பூவலிங்கம் மூடியைக் கழற்றிவிட்டு எலுமிச்சம்பழத்தை அதில் அழுத்தினான். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. தொலைந்துவிடக் கூடாது என்று பித்தளை மூடியைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை எதிர்க்கரையில் காடே கூடியிருந்தது. பலகைக்குப் பதிலாக வனத்துறை பங்களாவின் நாலு கதவுகளை நாலு காலிலும் கட்டிக்கொண்டு, கரிவரதர் தும்பிக்கையால் கயிற்றைச் சுற்றிப் பிடித்தார். சடையாண்டி பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எஞ்சினை முழுசாக முடுக்கினான்.

முந்நூறு குதிரையும் ஒன்றாகக் கத்தின. படகு அதிர்ந்த அதிர்வில் எலுமிச்சம்பழம் பிய்த்துக்கொண்டு பறந்து, கரிவரதரின் நெற்றியில் அடித்தது. தனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்து அதை எடுத்துத் தின்றுவிட்டார். ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்தது. பாறாங்கற்கள் ஒரு பக்கமாக உருண்டன. படகு கவிழ்ந்து, கவிழ்ந்தபடியே மூழ்கியது. சடையாண்டி நீந்தி வெளியே வந்தான். அவன் நீர்நாய், அவனுக்குப் படகே தேவையில்லை.

ஆனால் கரிவரதர் கயிற்றை விடவில்லை. பிடித்ததை விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. இழுக்க இழுக்க, மூழ்கிய படகு சேற்றில் வழுக்கி அவர் காலடிக்கே வந்துவிட்டது. கதவுகள் கழன்று மிதந்து போயின. தட்டுப்பட்டதன் மேல் முன்னங்காலை வைத்தார், பிறகு பின்னங்காலை வைத்தார். தலைகீழாகக் கிடந்த படகு, அடியில் இருந்த எஞ்சின்மேல் உட்கார்ந்து, ஆடாமல் தாங்கியது. எஞ்சின் கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால் அவருக்கு முழங்கால்வரை நனைந்திருக்கும்.

எதிர்க்கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு யானை தண்ணீர் மேல் நின்றது. மொத்தக் கூட்டமும் வாய் பிளந்தது.

கரிவரதர் உதட்டை அசைக்காமல் கேட்டார். “டேய், நான் நிக்கிறேனா?”

“நிக்கிறீங்கய்யா,” என்றான் பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த சடையாண்டி.

“படகு எங்கடா?”

“உங்களைத் தாங்கிக்கிட்டிருக்குய்யா.”

“அப்படியே இருக்கட்டும்,” என்றார் கரிவரதர்.

செங்கமலம் ஏழாவது கட்டத்தில் ‘ஆம்’ என்று திருத்தி, எஞ்சின் மாற்ற அன்றைக்கே அனுமதி வழங்கினாள். துறை பிழைத்தது, குட்டிகள் மறுவாரம் கண் திறந்தன. வெள்ளிக்கிழமைதோறும் கரிவரதர் அங்கே வந்து ஒரு மணி நேரம் தண்ணீர் மேல் நின்றுவிட்டுப் போகிறார். ஃபோம் இன்னும் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஓடையம்மாள் சொல்கிறாள். பித்தளை மூடியைப் பூவலிங்கம் அன்றைக்கே பயத்தில் விழுங்கிவிட்டான்.

நீதி: தலைவர் உயர்ந்து நிற்க வேண்டுமானால் பெரிய எஞ்சினாக வாங்குங்கள், படகை அவர் காலடியில் கொண்டுபோய் மூழ்கடிப்பதை எலுமிச்சம்பழம் பார்த்துக்கொள்ளும்.