வெந்நீர் அலமாரி யாருக்கு?

முடிவே பண்ணிவிட்டேன். இந்த வருஷம் ஊர் விழாவில் வீட்டு பீருக்கான முதல் பரிசு எனக்குத்தான். கடவுளே வந்து போட்டியில் பீர் வைத்தாலும் இரண்டாம் பரிசை வாங்கிக்கொண்டு பேசாமல் போகட்டும்.

இவ்வளவு பெரிய முடிவுக்குக் காரணம் ஒரு துண்டு.

இங்கிலாந்தில் எங்கள் யார்க்‌ஷர் மூலையில் வருஷத்தில் பாதி நாள் குளிர். மீதி நாள் மழையோடு குளிர். வீட்டில் கதகதப்பான இடம் ஒன்றே ஒன்றுதான். மாடியில் வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி அடித்த அலமாரி. துண்டும் துணியும் காய்வதற்காக அதை வைத்தார்கள் என்பது என் மனைவி வின்னியின் கட்சி. பீர் புளிப்பதற்காகவே வைத்தார்கள் என்பது என் கட்சி. கொல்லையில் எனக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. ஆனால் அந்தக் குளிரில் பீரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும். அலமாரி போனால் என் பீரும் போச்சு. பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற மனுஷனுக்கு வேறு என்ன சுகம் இருக்கிறது, சொல்லுங்கள்.

அன்றைக்கு எங்கள் பாதிரியார் மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். வின்னி அலமாரியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தாள். முகத்தைத் துடைத்தார். நிறுத்தினார். முகர்ந்தார். மறுபடி துடைத்தார். காய்ந்த முகத்தை மூன்றாம் முறையும் துடைத்தார்.

"துண்டு ரொம்ப நல்லா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் துடைச்சுக்கட்டுமா?"

அவர் வாசல் தாண்டியதும் வின்னி இடுப்பில் கை வைத்தாள்.

"ஹொரேஸ்! எங்கிட்ட இருக்கிற ஒரே நல்ல பாவாடை பீர் நாத்தம் அடிக்குது. போன ஞாயித்துக்கிழமை கோயில்ல என் பக்கத்துல உக்காந்தவ நகந்து உக்காந்தா. தெரியுமா?"

"நகந்தது உன் பாட்டைக் கேட்டு."

"வாயை மூடு. அலமாரி துண்டுக்கா, பீருக்கா? இன்னிக்கு ஒரு முடிவு தெரியணும்."

"தெரிஞ்சிடட்டும். விழாவுல என் பீருக்குப் பரிசு வந்தா அலமாரி எனக்கு. வரலன்னா காலி பண்ணிக் குடுத்துடறேன். அப்புறம் வாழ்நாள்ல பீர்னு மூச்சு விட மாட்டேன்."

வின்னி கொஞ்சம் யோசித்தாள். "அப்படி வேணாம். இந்த வீட்டுல யாருக்குப் பரிசு வருதோ அவங்களுக்கு அலமாரி."

"வேற யாருக்கு வரப்போவுது? பூனைக்கா?"

"பேச்சு பொதுவா இருக்கட்டுமேன்னு சொன்னேன்பா."

பாவம், அப்பாவி என்று நினைத்துக் கையைக் கொடுத்தேன். அவளும் குலுக்கினாள்.

அந்தச் சனிக்கிழமையே வேலையில் இறங்கினேன். அடுக்களை முழுக்க ஆவி. முளைகட்டி வறுத்த பார்லியைச் சூடான தண்ணீரில் ஊறவைத்து, சாற்றை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்தேன். உலகத்தில் எவனும் போடாத என் ரகசியச் சரக்காக ஆரஞ்சுத் தோலும் கறுப்பு வெல்லப்பாகும் சேர்த்தேன். ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி, வாளியை மூடி, காற்று வெளியேறும் வளைந்த குழாயைச் சொருகி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி அலமாரிக்குள் வைத்தேன். மறுநாள் குழாய் பேச ஆரம்பித்துவிட்டது. ப்ளப். ப்ளப்.

என்னிடம் ஒரு குணம். பஸ்காரன் அல்லவா? நேரத்துக்குக் கிளம்பாத எதையும் நான் நம்ப மாட்டேன். வேலைக்குப் போகும்போது மூடியைத் திறந்து பார்த்தேன். வந்து பார்த்தேன். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

"அதைச் சும்மா விடேன் ஹொரேஸ். அடுப்புல இருக்கிற கேக்கை இப்படித் தொறந்து தொறந்து பாத்தா அது உப்பி வருமா?"

"கேக்கு வேற, பீர் வேற. உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான்" என்று தைக்கப் போய்விட்டாள்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். திறந்தேன். ஐயோ! அழுகின முட்டை நாற்றம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி நாற்றத்தால், பாதி துக்கத்தால். பக்கத்து வீட்டு மெர்வினைக் கூப்பிட்டேன். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பூசணி அளவுக்கு வெங்காயம் வளர்ப்பதைத் தவிர வேறு கவலை இல்லாத ஆள். மாடிப்படி பாதியிலேயே நின்றுவிட்டார்.

"யோவ் ஹொரேஸ், உள்ள யாராச்சும் செத்துக் கெடக்காங்களா?"

"பீருய்யா."

"அதான் செத்துடுச்சுன்னு சொல்றேன். அடக்கம் பண்ணிடு."

மனசு ஒடிந்துபோனது. அதைக் கொட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை. பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது.

"வின்னி, அதை நீயே கொட்டிடு. நான் வர்றப்ப அது என் கண்ணுல படக் கூடாது."

"நெசமாவா? அப்புறம் ஏன் கொட்டினேன்னு என்னைக் கேக்கக் கூடாது."

"கேக்கவே மாட்டேன். அது இனிமே என்னுது இல்ல. என்னமோ பண்ணு."

மாலையில் திரும்பி வந்தால் அலமாரி நிறையத் துண்டுகள், மடிப்புக் கலையாமல். வாளி இல்லை. வின்னி தையல் மேசையில் உட்கார்ந்து மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் துளி அனுதாபம்கூட இல்லை. அந்த மேசைக்குப் பக்கத்தில் பழைய போர்வை சுற்றிய ஒரு மூட்டை புதிதாக முளைத்திருந்தது. கிழிந்த துணிகளாம். உயரம் தோதாக இருந்ததால் தினமும் காலையில் அதன்மேல் காலை வைத்துத்தான் நான் ஷூ லேஸ் கட்டினேன். ஒருநாள் அந்தப் பக்கமிருந்து ப்ளப் என்று கேட்டது.

"என்ன சத்தம்?"

"என் வயிறு. முட்டைக்கோஸ் ஒத்துக்கலை."

"பெப்பர்மிண்ட் போட்டுக்கோ கண்ணு" என்று அன்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். என்னை மாதிரி புருஷன் யாருக்குக் கிடைப்பான்?

விழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. புதிதாகப் போட நேரம் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத்தைத் தடவிக்கொண்டிருந்த மெர்வினிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பீர்ப் போட்டிக்கு நடுவர் யாரு?"

"வழக்கம்போல கட்பர்ட்தான்." கட்பர்ட் எங்கள் ஊர் 'மூணு லாடம்' மதுக்கடையின் முதலாளி.

"உலகத்துலயே ஒசந்த பீர் எதுன்னு அவனைக் கேட்டா என்ன சொல்வான்?"

"என் கடை பீர்தான்னு சொல்வான். அவன் வேற என்ன பேசறான்?"

"அப்புறம் என்னய்யா? ஒரு கூஜாவுல அவன் பீரையே வாங்கிட்டு வா. உன் பாட்டில்ல ஊத்தி வை. அவன் நாக்கு அவனுக்கே துரோகம் பண்ணுமா?"

அடேயப்பா! வெங்காயம் வளர்க்கிற தலைக்குள் இவ்வளவு மூளையா? விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கூஜாவோடு போனேன். வீட்டுக்கு விருந்தாளி என்று புளுகினேன். பாட்டில்களில் ஊற்றி, தக்கை அடித்து, மேசையில் கம்பீரமாக நிறுத்தினேன்.

"இது ஏது?" என்றாள் வின்னி.

"மெர்வின் வீட்டு அலமாரியில ரகசியமா ஒண்ணு போட்டு வச்சிருந்தேன். உனக்குத் தெரியாது."

ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். சாய்த்தாள். அடியைப் பார்த்தாள்.

"பளிச்சுன்னு இருக்கே. வீட்டு பீர்னா அடியில ஈஸ்ட் மண்டி படிஞ்சிருக்குமே. இதுல ஒரு துளி இல்லியே."

"கைப்பக்குவம் அப்படி."

"ஓஹோ" என்றாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த 'ஓஹோ'வை நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

விழா நாள். அதிசயமாக வெறும் தூறல்தான். கூடாரத்துக்குள் கேக்குகளும் ஜாம் பாட்டில்களும், கைக்குழந்தை மாதிரி துணியில் கிடத்திய வெங்காயங்களும். வின்னி ஒரு கூடையைத் துண்டு போட்டு மூடி எடுத்துவந்தாள். கேக் வைக்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நான் அதைக் கவனிக்கவே இல்லை. பீர் மேசையில் பாட்டில்களுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. என் எண் நான்கு. மேசையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் மெர்வினும் நானும் நின்றோம். கட்பர்ட் தொந்தியைத் தூக்கிப் பெல்ட்டில் வைத்துக்கொண்டு வந்தான்.

ஒன்றைக் குடித்தான். "பரவால்ல." இரண்டைக் குடித்தான். "இனிப்பு ஜாஸ்தி." மூன்றைக் குடிக்காமல் முகர்ந்துவிட்டு வைத்தான். நான்கின் தக்கையைத் திறந்தான். ப்ஸ் என்றுகூட ஒரு சத்தம் வரவில்லை. கண்ணாடித் தம்ளரில் ஊற்றினான். நுரை என்று பேருக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது. கூடாரத்தின் துணியை ஒதுக்கி வெளியே துப்பினான்.

"யாரு இதை வச்சது? சொல்ல வேணாம், கேக்க மாட்டேன். பாத்திரம் கழுவின தண்ணி இதுக்குத் தேவலை! இப்படி ஒரு பீரை எவனாவது கடை வச்சு வித்தான்னா, முதல்ல போய் அவன் கடைக்குப் பூட்டுப் போடணும்!"

மெர்வின் என் விலாவில் இடித்தார். "சொல்லுய்யா, அவன் கடைன்னு சொல்லு."

"எப்படிய்யா சொல்றது?" என்று பல்லைக் கடித்தேன். பீப்பாயிலிருந்து இறக்கிய பீர் இரண்டு நாளில் நுரையெல்லாம் அடங்கி மூச்சை விட்டுவிடும். பீர் போடுகிறவன் எவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். அவசரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

கட்பர்ட் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு ஐந்தைத் திறந்தான். 'டப்' என்றது. நுரை மெத்தை மாதிரி எழுந்து நின்றது. குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். தம்ளர் காலியானது. நடுவர் தம்ளரைக் காலி பண்ணி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"இதைச் செஞ்சவங்க யாரா இருந்தாலும் பொறுமைசாலி. ஆரம்பத்துல கொஞ்சம் முட்டை நாத்தம் அடிச்சிருக்கும். அவசரக்காரனா இருந்தா அப்பவே கொட்டியிருப்பான்."

என் காது இரண்டும் சூடாயின.

பாதிரியார் மைக்கைத் தட்டினார். "வீட்டு பீர், முதல் பரிசு, எண் ஐந்து... மிஸஸ் வின்னி ஓல்ட்ராய்ட்!"

கூடாரம் கை தட்டியது. மெர்வின் எல்லாரையும்விட வேகமாகத் தட்டினார். துரோகி. நான் கயிற்றைத் தாண்டி ஓடி, பாட்டிலில் மிச்சமிருந்ததை வாயில் ஊற்றிக்கொண்டேன். ஆரஞ்சுத் தோல்! கறுப்பு வெல்லப்பாகு! சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல பீரை நான் குடித்ததில்லை. அழுகை அழுகையாக வந்தது.

"அடியே, இது என் பீரு!"

"மெல்லப் பேசு. நீதானே கொட்டச் சொன்னே? கொட்டிட்டேன். பாட்டில்ல கொட்டினேன்."

"நான் போட்டது! பரிசு எனக்குத்தான் சேரணும்!"

"அப்படியா?" வின்னி பரிசாகக் கொடுத்த பட்டு ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டே சிரித்தாள். "பாதிரியார் மைக்கோட சும்மாதான் நிக்கிறாரு. போய் வாங்கி, அஞ்சாம் நம்பர் என்னுதுன்னு சொல்லு. அப்ப நாலாம் நம்பர் யாரோடதுன்னு கேப்பாங்க. அதையும் சொல்லு. கட்பர்ட் பக்கத்துலதான் நிக்கிறான். பாத்து, அவன் கை கொஞ்சம் பெரிசு."

கட்பர்டைப் பார்த்தேன். அவன் கையையும் பார்த்தேன். பிறகு நானும் கை தட்டினேன். "என் பொண்டாட்டிதான், என் பொண்டாட்டிதான்" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆண்பிள்ளையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டேன். "சரி, பேச்சுன்னா பேச்சு. அலமாரி உன்னுது. துண்டை நிம்மதியா அடுக்கிக்கோ."

"துண்டா?" என்றபடி மாடியேறிக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு துண்டுகூட இல்லை. புத்தம் புதிய வாளி. புதிய குழாய். ப்ளப். ப்ளப். "அடுத்த வருஷத்துக்கு இப்பவே பழகணும்ல?"

"எப்ப போட்டே? காட்டு" என்று மூடியில் கையை வைத்தேன். பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"தொறந்தா கொன்னுடுவேன்."

இன்று காலை குளித்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட நின்று கத்தினேன். "வின்னி! காஞ்ச துண்டு எங்க?"

"கொட்டகையில போட்டிருக்கேன், கண்ணு. இன்னும் காயல" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் பொறுமையா நில்லு."