வல்லரசின் விரல்

காலையில் கண்ணுச்சாமி எழுந்தார். மோட்டார் போட்டார். டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் இரண்டு டம்ளர்தான் புழக்கம். போனை எடுத்துப்போய் மகன் வல்லரசை எழுப்பினார்.

"விரலை வைலே."

விரலைக் கேமராவின் மேல் வைக்க வேண்டும். மூச்சை இழுக்கவும் விடவும் ஒரு பெண் குரல் சொல்லும். கடைசியில் மனசு அடங்கியிருந்தால் பச்சை விழும், இல்லாவிட்டால் சிவப்பு.

திருவிழாவில் ஒருத்தன் மூக்கை உடைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறார் வழக்குக்கு நின்றவன் வல்லரசு. வயது பதினாறு. அங்கே ஆலோசகராக இருந்த ஜாஸ்மின் மேடம்தான் கண்ணுச்சாமியின் போனை வாங்கி அந்த ஆப்பை ஏற்றித் தந்தார்.

"தினமும் காலையில விரலை வைங்க சார். வாய்தா அன்னைக்குப் பச்சை காட்டினா பையன் வீட்டுல இருக்கலாம். இல்லேன்னா சிறுவர் ஹோம்தான்."

கண்ணுச்சாமி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். மேலிருந்து வரும் உத்தரவை அப்படியே கீழே இறக்கித்தான் பழக்கம். வீட்டில் அவருக்குக் கீழே இருந்தது மகன் மட்டும்தான்.

இன்று வாய்தா.

"நெஞ்சை நிமித்துலே. மூச்சை இழு. யாரு உன்னை விடச் சொன்னா? நிம்மதியா இருலே, பஸ்சுக்கு நேரமாகுது."

சிவப்பு விழுந்தது. பக்கத்தில் நின்று ஏக், தோ என்று எண்ணிப் பார்த்தார். இன்னும் சிவப்பு. விரல் சில்லிட்டிருப்பதுதான் காரணம் என்று அதைச் சுடுதண்ணீரில் முக்க வைத்தார். ஈரக்கையிலிருந்து வழுக்கிய போன் வாளிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்ததில் உயிர் வந்துவிட்டது. சத்தத்தைத்தான் குறைக்க முடியவில்லை.

ராஜபாளையத்தில் பஸ் ஏறினார்கள். பக்கத்து சீட்டில் நைட் ஷிப்ட் முடித்த மில்லுக்காரர் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கினார். அந்த பஸ்சில் அவரைவிட அடங்கிய மனசு கிடையாது. கண்ணுச்சாமி நைசாக அவர் விரலைத் தூக்கிக் கேமராவில் வைத்தார்.

"கண்களை மெல்ல மூடுங்கள்" என்று போன் பஸ் முழுக்கக் கத்தியது.

மில்லுக்காரர் துள்ளி எழுந்தார். "கைரேகை எடுத்து பேங்குப் பணத்தை உருவுதான்யா."

ஆளாளுக்கு எழுந்து வந்தார்கள். கண்ணுச்சாமி மருத்துவ விளக்கம் சொல்லப்போக, கூட்டம் போலீஸ் என்றது. கண்டக்டர் விசிலடித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிகிற தூரத்தில் அப்பாவும் மகனும் இறக்கிவிடப்பட்டார்கள்.

மீதித் தூரம் ஓட்டம்தான். கோர்ட் வாசலில் கண்ணுச்சாமிக்கு மூச்சிரைத்தது. போனை எடுத்து மகனிடம் நீட்டினார்.

வல்லரசு அவர் தோளை அமுக்கினான். "செத்த உக்காருப்பா. என்னையக் கொண்டுபோயிருவாகளோன்னுதான இம்புட்டுக் கத்துத? நான் எங்கயும் போகல. மூச்சை விடு."

அவர் விரலைப் பிடித்துக் கேமராவில் வைத்தான். யாரும் எண்ணவில்லை. கண்ணுச்சாமி கண்ணை மூடியே இருந்தார்.

பச்சை.

மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். ஜாஸ்மின் மேடம் போனைப் பார்த்தார். சிரித்தார். எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

கண்ணுச்சாமியால் அதைத் தாங்க முடியவில்லை. அட்டென்ஷனில் நின்றார்.

"மேடம், இம்புட்டு நாளும் அவன்தான் விரல் வச்சான். இன்னைக்கு மட்டும் ஏமாத்திட்டேன். இது எம் விரலு. தண்டனை எனக்குக் குடுங்க, அவனைக் கொண்டுபோயிராதீக."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவனை எதுக்கு சார் வைக்கச் சொன்னீங்க? பையனை நம்பி ஒப்படைக்கலாமான்னு பார்க்க, அப்பாமாருக்குக் குடுக்குற ஆப்தான இது."